பத்தொன்பதாவது கடவுச்சீட்டு

குரேஷாவிலிருந்து யாராவது எல்லை தாண்டி கிரீஸிலிருக்கும் யானினாவுக்குப் போவதென்றால் முதலில் லும்துரியின் கதவைத்தான் தட்டுவார்கள். என் வண்டியில் இடம் சொல்லி வைப்பது அதற்குப் பிறகுதான். குரேஷா, அல்பேனியாவின் தெற்குக் கோடியில், கிரீஸ் எல்லைக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அந்தப் பக்கம் பிழைக்கப் போயிருந்தார்கள். போய்ப் பார்த்து வருவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவள் லும்துரி ஒருத்திதான்.

கதவைத் திறந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுவாள். கடவுச்சீட்டு இன்னும் எத்தனை மாதம் செல்லும்? தங்கப்போகிற வீட்டு விலாசம் எழுதி வைத்திருக்கிறாயா? திரும்பி வரப் பயணச்சீட்டு? காப்பீடு? பிள்ளையைக் கூட்டிப்போனால் தகப்பனின் சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு? ஒன்று குறைந்தாலும் அவள் விடமாட்டாள். ஒருமுறை பக்கத்து வீட்டு ஹஸியே, மகனுக்கென்று ஆட்டுப்பால் சீஸ் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டே கிலோதான் லும்துரி. எம்மவன் அங்க சீஸுன்னு காகித அட்டையத் தின்னுக்கிட்டு இருக்கான்."

"பால்ல செஞ்சது எதுவும் போகக்கூடாது. கறியும் கூடாது."

"பாவாடைக்குள்ள கட்டிக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

"வாசனைக்கு அந்த ஆபீசரு உன்னையே சீஸுன்னு நெனச்சு தொட்டியில போட்டுருவாரு. வெச்சுட்டுப் போ."

ஹஸியே திட்டிக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த முறையும் முதலில் இங்கேதான் வந்தாள்.

லும்துரியின் கறாருக்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்த காலத்தில் எல்லையில் மின்சார வேலி. வேலிக்கு முன்னால் ஒரு பட்டை நிலத்தை உழுது, யார் மிதித்தாலும் தடம் தெரியும்படி சீப்புப் போட்டு வைத்திருப்பார்கள். வசந்தத்தில் ஊர்ப் பெண்களைக் காவலோடு கூட்டிப்போய் அந்த மண்ணை வார வைப்பார்கள். தங்கள் தடம் விழாதிருக்கப் பின்னோக்கி நடந்தபடியே வாரவேண்டும். அப்படி வாரிப் பழகிய கை அவளுடையது.

1991 ஜனவரியில் காவல் தளர்ந்தது. பாதி ஊர் ஆண்கள் பனியில் மலையேறி அந்தப் பக்கம் போனார்கள். அவள் கணவன் நெவ்ரூஸும் போனான். மகள் ஓர்னெலா ஆறு மாதக் குழந்தை. மறுநாள் லும்துரி அவன் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். உச்சி வரை தடம் தெளிவாக இருந்தது. அதற்கு அப்பால் பனி யாரும் மிதிக்காததாக வழவழவென்று கிடந்தது. திரும்பி இறங்கிய தடமும் இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பட்டியலிலும் நெவ்ரூஸ் பெயர் ஏறவில்லை. அன்றிலிருந்து அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்: போவதும் வருவதும் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2010-ல் விசா வேண்டாம் என்று ஆனபோது அவள் வீட்டு ஜன்னலில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் வந்தன. எந்த நூற்றெண்பது நாளை எடுத்துக்கொண்டாலும் அந்தப் பக்கம் தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது விதி. ஆகவே இடது ஜாடியில் தொண்ணூறு வெள்ளை மொச்சை. அந்தப் பக்கம் கழித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றை எடுத்து வலது ஜாடியில் போடுவாள். ஊரில் இல்லாத நாட்களை வந்ததும் மொத்தமாக மாற்றுவாள். யாரும் அவளைக் கிண்டல் செய்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த முறையைத்தான் பின்பற்றினார்கள்.

ஓர்னெலா வளர்ந்து யானினாவில் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு முறை கரு தங்கவில்லை. 2016-ல் மூன்றாவது முறை. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவன் மார்ச்சுக்கு முன் கரை திரும்பமாட்டான். லும்துரி நாட்களைப் பங்கு போட்டாள். செப்டம்பர் ஒன்றாம் தேதி போய் முப்பத்தொன்பது நாள் இருந்தாள். பகலில் வந்து மகளைப் பார்த்துக்கொள்ளத் தையற்கூடத் தோழி ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டு, மிச்சம் ஐம்பத்தொரு நாளைப் பிரசவத்துக்கென்று வைத்துக்கொண்டு அக்டோபர் ஒன்பதாம் தேதி என் வண்டியில் திரும்பினாள்.

தவறு அன்றைக்குத்தான் நடந்தது. அது என்னுடையது.

எல்லைக்கு முந்தைய கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி, முன் இருக்கையிலிருந்து பின்னோக்கி வரிசையாகக் கடவுச்சீட்டுகளை வாங்கி ஒரு பிஸ்கட் தகரத்தில் ஒன்றுக்கு அடியில் ஒன்றாக அடுக்குவேன். தகரத்தை ஜன்னலில் கொடுத்து, முத்திரை குத்தியதும் எண்ணி வாங்கி, பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். எண்ணுவது கடவுச்சீட்டைத்தான். தலையை எண்ணும் பழக்கம் எங்கள் தடத்தில் எந்த ஓட்டுநருக்கும் கிடையாது. தலை காப்பி குடிக்கப் போகும், புகை பிடிக்க இறங்கும். கடவுச்சீட்டு எங்கேயும் போகாது.

அன்று பேய்மழை. மலையில் மூடுபனி. இரண்டு பக்கமும் மின்சாரம் இல்லை. அதிகாரி கைவிளக்கு வெளிச்சத்தில் முத்திரை குத்தினார். தகரத்தின் மூடி சரியாகப் பொருந்தாமல் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. அடியில் இருந்த இரண்டு கடவுச்சீட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலே இருந்ததற்கு முத்திரை விழுந்தது, கீழே இருந்ததற்கு விழவில்லை. ஈரத்தில் ஒட்டியதைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினேன், பத்தொன்பது. திறந்து பார்க்கவில்லை.

"தெஃபிக்கு, எல்லாத்துக்கும் குத்தியாச்சா?" பின் இருக்கையிலிருந்து லும்துரியின் குரல்.

"ஆச்சுக்கா."

"பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா, விடு."

இருட்டில் பெயர் சொல்லிக் கொடுத்தேன். கடைசியாக லும்துரி. பின்னாலிருந்து ஒரு ஈரக் கை நீண்டு வாங்கிக்கொண்டது. எங்கள் பக்கத்துக் காவலர் கடவுச்சீட்டுகளின் மேலட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். குரேஷாவில் நிறுத்தினேன், கதவு திறந்தது, மூடியது. என் வார்த்தையை நம்பி அவள் ஈரக் கடவுச்சீட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

பிறகு நடந்தவற்றை டிசம்பரில்தான் அவள் எனக்குச் சொன்னாள்.

ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் ரொட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்து முழித்திருக்கிறார். "எப்ப வந்தே? நீ இன்னும் யானினாவுலன்னுல்ல ஹஸியே சொன்னா!" தினமும் அவரிடம்தான் ரொட்டி வாங்கியிருக்கிறாள். ஹஸியேயைக் கேட்டால், "ஒன் வீட்டுப் புகைபோக்கியில பொகையே இல்லையே. அதான் நீ இல்லன்னு நெனச்சேன்" என்றாள். காலை மாலை அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அண்டை வீட்டு நாய் அவளைக் கண்டு குரைப்பதை நிறுத்தியது. வாலும் ஆட்டவில்லை. அவள் நிற்கும் இடத்தைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்குமாம்.

நவம்பர் நடுவில் இடது ஜாடியில் மொச்சை குறைந்திருப்பதைக் கண்டாள். ஐம்பத்தொன்று இருக்கவேண்டிய இடத்தில் பதினைந்துகூட இல்லை. எலி என்று நினைத்து வாயைத் துணியால் கட்டினாள். வலது ஜாடியை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓர்னெலா வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"அம்மா, கீழ்வீட்டு தெஸ்பினா அம்மா சொல்றாங்க, ஒங்கம்மா படிக்கட்டெல்லாம் நல்லாப் பெருக்கறாங்க, ஆனா வணக்கம் சொன்னா பதிலே சொல்றதில்லன்னு."

"செப்டம்பர்ல பெருக்குனதச் சொல்றாங்க போல. வயசாச்சுல்ல."

"அப்படித்தான் நானும் சொன்னேன். இல்லல்ல, நேத்துன்னாங்க."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை. லும்துரி பையோடு வந்து ஏறினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். "எலி எல்லா மொச்சையையும் தின்னுட்டுது தம்பி, துணி கட்டியும்" என்றாள். நான் எதையும் யோசிக்கவில்லை. எல்லையில் தகரத்தைக் கொடுத்துவிட்டு நின்றேன். அதிகாரி அவளுடையதை மட்டும் எடுத்து வைத்து அவளை ஜன்னலுக்கு வரச் சொன்னார். நரைத்த மீசைக்காரர், குரல் உயர்த்தாதவர். எனக்குப் பல வருஷப் பழக்கம்.

"நீங்க செப்டம்பர் ஒண்ணாம் தேதி உள்ள வந்திருக்கீங்க."

"ஆமாங்க."

"எப்ப வெளிய போனீங்க?"

"அக்டோபர் ஒம்பது. இவரு வண்டியிலதான்."

அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல நீங்க வெளிய போகவே இல்லீங்களே. இன்னியோட தொண்ணூத்தாறு நாளா உள்ள இருக்கீங்க."

"உள்ள இருக்கிறவ எப்படிங்க வெளியிலேருந்து வந்து நிப்பேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியிலிருந்து ஒருவன், "நமக்கெல்லாம் பரீட்சை வெச்ச வாத்தியாரம்மா பெயிலாயிட்டாங்கடோய்!" என்று கத்தினான். இரண்டு பேர் சிரித்தார்கள். லும்துரி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"விதி இருக்கு," என்றார் அதிகாரி. "அக்டோபர் ஒம்பதுக்கு அப்புறம் ஊர்லதான் இருந்தீங்கன்னு நம்புற மாதிரி ஏதாவது கொண்டாங்க. பயணச்சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏதோ ஒண்ணு. நான் வெளியேறுன தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போடலாம். இல்லேன்னா நாள் மீறுனவங்க பட்டியல்ல ஏத்தணும். ஏத்திட்டா வருஷக்கணக்குல வரமுடியாது. பத்து நாள் தர்றேன்."

சாலையோரத்தில் வந்து நின்று லும்துரி என்னிடம் சொன்னாள்: "எம் புருசன் உள்ள போனதுக்கு முத்திரையில்ல. நான் வெளிய வந்ததுக்கு முத்திரையில்ல. எங்க வீட்டுக்கே அப்படித்தான் போலருக்கு." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை அவள் வலது ஜாடியை எண்ணினாள். தொண்ணூறு. எலி ஒன்றையும் தின்னவில்லை. அக்டோபர் பத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக, நவம்பர் இருபத்தொன்பது வரை, ஐம்பத்தொரு மொச்சையும் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தன. துணியின் முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

ஓர்னெலாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேப்பேன், பயப்படக்கூடாது. நீ நெசமா ஊர்லதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்?"

"ராத்திரி முழிச்சுப் பாத்தா நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. நான் படுத்தபடியே கையால சுவரோரமாத் தள்ளி விட்டுட்டுத்தான் தூங்குறேன். செம்புல தண்ணி ரொம்பியிருக்கு. முந்தாநாள் நான் கண்ண மூடிக்கிட்டே இருந்தேன். யாரோ நெத்தியில கை வெச்சாங்க. ஒன் கைதாம்மா. மோதிரம் பட்டுது. எனக்குப் பயமில்ல. ஆனா அது பேசவே மாட்டேங்குது. நீ வந்துரும்மா."

மறுநாள் மருத்துவர் தேதியை முன்னால் கொண்டுவந்தார். டிசம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை, அறுவை செய்து குழந்தையை எடுப்பது என்று முடிவு.

பதினைந்தாம் தேதிக்குள் லும்துரி எல்லையைத் தாண்டியாக வேண்டும். ஊரில் இருந்ததற்குச் சாட்சி தேடி, என் ஓட்டம் முடிந்த பிறகு தினமும் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன்.

மின்சார ரசீது இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷமாக அது நெவ்ரூஸ் பெயரில்தான் வருகிறது. ரொட்டிக்கடையில் ரசீது கிடையாது. அக்டோபர் இருபதாம் தேதி சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்தாள். நர்ஸ் பதிவேட்டைத் திறந்தாள். முப்பத்தோராம் எண், நேரம் காலை ஒன்பது நாற்பது, அளவு நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. பெயர் எழுதும் கட்டம் காலி.

"நாந்தான் எழுதியிருக்கேன். ஆனா யாருன்னு..." நர்ஸ் லும்துரியை ஏறிட்டுப் பார்த்தாள். "மன்னிச்சுக்கக்கா, நீ வந்த ஞாபகமே இல்ல."

"பட்டையை இறுக்கிக் கட்டிட்டேன்னு நான் கத்துனேனே!"

"யாரோ கத்துனாங்க. அது ஞாபகமிருக்கு."

கடைசியாகக் கல்யாணப் புகைப்படம். நவம்பர் பதின்மூன்றாம் தேதி ஹஸியே வீட்டுக் கல்யாணத்தில் லும்துரி ஆட்ட வரிசையில் நின்றாள். நானும் அங்கே இருந்தேன். புகைப்படக்காரரின் கடையில் எல்லாப் படங்களையும் மேஜையில் பரப்பினோம். தேதி ஓரத்தில் அச்சாகியிருந்தது. பெண்கள் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். ஹஸியேயின் வலது கை உயர்ந்திருக்கிறது. அடுத்தவளின் இடது கை உயர்ந்திருக்கிறது. இரண்டு கைகளும் எதையோ பிடித்திருக்கிற மாதிரி விரல் மடங்கியிருக்கின்றன. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம். அந்த இடத்தில் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது.

புகைப்படக்காரர், "இங்க ஒரு ஆள் நிக்கலாமே, ஏன் எடம் விட்டாங்க?" என்றார்.

லும்துரி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். வண்டியில் ஏறியதும், "தம்பி, என்னத் தெரியுதா ஒனக்கு?" என்றாள்.

"தெரியுதுக்கா."

"அப்ப நீதான் சாட்சி."

என்னிடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஆட்களின் பெயரைக் கார்பன் வைத்து இரண்டு படி எழுதுவேன். ஒன்று எனக்கு. அக்டோபர் ஒன்பதாம் தேதித் தாளைத் தேடி எடுத்தேன். பத்தொன்பது பெயர். பத்தொன்பதாவது, லும்துரி. என் கையெழுத்து, கலையாமல் இருந்தது.

டிசம்பர் பதினைந்து, வியாழக்கிழமை. அதே ஜன்னல். அதிகாரி தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்பு மடிப்பாகப் படித்தார். பத்தொன்பது பெயரையும் பென்சில் நுனியால் தொட்டு எண்ணினார். அன்றைய தம்முடைய குறிப்பேட்டையும் எடுத்தார்.

"உங்க தாள்ல பத்தொம்போது. அன்னிக்கு நான் குத்துனது பதினெட்டு. ஒரு முத்திரை குறையுது, சரி. ஆனா தெஃபிக், பேரு எழுதறது புறப்படறப்பதானே?"

"ஆமாங்க."

"புறப்படறப்ப எழுதுன பேரு. நடுவுல எறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். கடவுச்சீட்டை மட்டும் வேற ஆள் கையில குடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிப் பண்றவங்க இருக்காங்க. இவங்க எல்லையைத் தாண்டி வந்தத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

நான் யோசித்தேன். அவசரப்படுத்தாமல் அவர் காத்திருந்தார். மழை. இருட்டு. பின்னாலிருந்து வந்த குரல், அது எல்லைக்கு முன்பா, பின்பா? நீண்டு வந்த ஈரக் கை. குரேஷாவில் திறந்து மூடிய கதவு. கண்ணாடியில் மழைத்தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் வரவில்லை. நான் எண்ணியது கடவுச்சீட்டைத்தான்.

லும்துரி என் பக்கத்தில் நின்றாள். காலை வெயில் அவள் மேல் விழுந்தது. அவள் காலடியில் நிழல் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. நான் பார்க்கவில்லை.

"பாத்தேன்," என்றேன்.

"முகத்தை?"

"முகத்தைப் பாத்தேன். குரேஷாவுல எறங்குனாங்க. கை காட்டிட்டுப் போனாங்க."

இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஜன்னலில் நின்றிருக்கிறேன். ஒரு பொய் சொன்னதில்லை.

அவர் பேனாவால் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். வெளியேறியது, ஒன்பது, பத்து, பதினாறு. கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் முத்திரையை வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் லும்துரியின் கைப்பேசி அடித்தது. ஓர்னெலா. ஒலியைக் கூட்டித்தான் அவள் பேசுவாள், எனக்கும் கேட்டது.

"அம்மா, நாற்காலியிலேருந்து எந்திரிச்சிட்டா. இப்பத்தான் மொதமொதலா கண்ணத் தெறந்துக்கிட்டுப் பாக்குறேன். முதுகுதான் தெரியுது. கோட்டு மாட்டுறா... அம்மா, போயிட்டா. கதவு தெறந்தே கெடக்குது, குளிருது."

"போகட்டும்மா," என்றாள் லும்துரி. "நான் வந்துட்டேன். அரை நாள்கூட இல்ல, வந்துட்டேன்." அதிகாரி நுழைவு முத்திரையைக் குத்தி நீட்டினார். அவள் இந்த முறை அங்கேயே விரித்துப் பார்த்தாள். பிறகுதான் நடந்தாள்.

யானினாவில் அவள் பையை நானே மாடிக்குத் தூக்கிப்போனேன். ஓர்னெலா படுத்தபடியே கையை நீட்டினாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி. நான் பையை அதன் மேல் வைக்கப்போய் இருக்கையைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பையைத் தரையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

பிற்பகல் திரும்பும் ஓட்டம். ஆட்கள் பதினான்கு. கடைசி வளைவில் பதினான்கு கடவுச்சீட்டு வாங்கினேன், ஜன்னலில் கொடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து முத்திரை சரிபார்த்துத் திரும்ப வாங்கினேன். மலை இறக்கத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. அப்போதுதான், என் வாழ்நாளில் முதல் முறையாக, கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணினேன்.

பதினைந்து.

மறுபடி எண்ணினேன். பின் இருக்கையில் ஜன்னலோரம் ஒருத்தி. தவிட்டு நிறத் தலைத்துணி. முகம் வெளியே மலையைப் பார்த்திருந்தது. முன் இருக்கையில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஹஸியே பேசிக்கொண்டே வந்தாள்.

குரேஷா நிறுத்தத்தில் யாரும் கேட்காமலே நிறுத்தினேன்.

"எதுக்குப்பா நிறுத்துற? என்னக் கோயிலுக்குப் பக்கத்துல எறக்கி விடுறேன்னல்ல," என்றாள் ஹஸியே.

"ஒரு நிமிசம்."

"யாரு எறங்குறா?"

"யாருமில்ல."

கதவைத் திறந்தேன். குளிர் உள்ளே வந்தது. படி ஒருமுறை கிறீச்சிட்டது. ஓர் ஆள் இறங்கினால் வண்டியின் பின்புறம் எவ்வளவு எழும்புமோ அவ்வளவு எழும்பியது. ஓட்டுகிறவனுக்கு அது முதுகில் தெரியும். கதவை மூடினேன். கண்ணாடியில் பதினான்கு.

அன்றைய தாளில் பெயர்களுக்குக் கீழே எழுதினேன்: கடவுச்சீட்டு பதினான்கு, தலை பதினைந்து, குரேஷாவில் ஒருவர் இறங்கினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் லும்துரி கூப்பிட்டாள். பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாயும் நலம்.

"தம்பி, பையில மொச்சையும் எடுத்தாந்திருந்தேன்," என்றாள். "வீட்ல கட்டுனப்ப எல்லாம் ஒரே பொட்டலமாத்தான் இருந்துச்சு. இப்பப் பாத்தா ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு. ஒண்ணுல நாப்பத்தொம்போது. நேத்தும் இன்னிக்கும் போக, சரியா இருக்கு."

"சரியா இருக்குக்கா."

"வீட்டுப் பக்கம் போனியா?"

காலையில் குரேஷா வழியாகத்தான் வந்தேன். பூட்டிய வீடு. சாவி அவள் பையில். புகைபோக்கியிலிருந்து புகை நேராக, காற்றில்லாமல், மேலே போய்க்கொண்டிருந்தது. ஹஸியே வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது.

"அடுப்பு எரியுதுக்கா," என்றேன்.

பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"சரி," என்றாள். "கொட்டகையில வெறகு கம்மியாத்தான் இருந்துச்சு. நான் திரும்பற பிப்ரவரி மூணு வரைக்கும் தாங்காது. ஒரு சுமை கொண்டுபோய் வாசல்ல போட்டுரு. உள்ள போகாத."